மணற் கிரகம் புகட்டும் பாடம்

ரேணிகுண்டாவில் அண்மையில் ஒரு மாலை, 'அவுட்டர் வைல்ட்ஸ்' என்னும் கணினி விளையாட்டை முதன்முறையாக ஆடிப் பார்த்தோம். அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவரின் ஆய்வுப் பணியாகத் தொடங்கி, 2019-இல் வெளியானது இது. மரப்பலகைகளால் இயன்ற விண்கலத்தில் ஏறிக் கிரகங்களை ஆராய்தல் வேண்டும். சுமார் 22 நிமிடங்களில் சூரியன் வெடிக்கும். யாவும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

இதிலுள்ள இரட்டைக் கிரகங்களுள் ஒன்றின் மணல் மற்றதன்மீது சொரிந்து, அதன் குகைகளை மெல்ல நிரப்புகிறது. இதனை அறியாது தாமதித்து நுழைந்தமையால் மணலில் நசுங்கி மாள நேர்ந்தது. மறுமுறை முன்னதாகவே சென்றோம், வழி திறந்திருந்தது. கலமும் கருவிகளும் முன்போலவே இருந்தன. அறிவு ஒன்றே மிகுந்திருந்தது.

களப்பணியாளரின் குறிப்பேடு பயன்படுவதும் இவ்வாறே. தவறிய சோதனையையும், அது நிகழ்ந்த நேரத்துடன் பதிவு செய்யுமாறு ஆசிரியர்கள் மாணவரைப் பழக்குதல் நலம்.