தேரை நிறுத்தும் முட்டுக்கட்டை

திருவாரூர் ஆழித்தேரின் உயரம் 96 அடி. எடை சுமார் 300 டன். இத்தனை பாரமும் வடத்துக்கு அசைந்து கொடுக்கக் காரணம், சக்கரம் சறுக்காமல் உருள்வதுதான். உருளும் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நகர்வதில்லை. எனவே உராய்வில் வீணாகும் ஆற்றல் குறைவு. ஆபத்தும் அதில்தான்: ஓடத் தொடங்கிய தேர் எளிதில் நிற்காது.

அதற்காகவே சக்கரத்தின் அடியில் ஆப்பு வடிவ முட்டுக்கட்டையைச் செருகுகிறார்கள். சக்கரம் கட்டையில் உரச, கட்டை தரையில் உரச, வேகம் வெப்பமாகக் கரைகிறது. அச்சைத் திருப்ப முடியாத தேரை வீதி முனையில் திருப்புவதும் கட்டையைச் சாய்த்துப் போடும் அதே கைகள்தான். உருளும் சக்கரத்தருகே குனிந்து நின்று செய்யும் அபாரமான வேலை இது! இப்போது ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. ஆனாலும் முட்டுக்கட்டை இல்லாமல் தேர் புறப்படுவதில்லை.