உஷார்! டிஸ்க் சுற்றும்போது கன்சோலில் கை வைக்காதீர்கள்

எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருக்கிறீர்களா? அல்லது செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறீர்களா? அப்படியானால் இன்றே வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்: உள்ளே டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெட்டியை யாரும் அசைக்கக் கூடாது. படுக்கையாக இருப்பதை நிமிர்த்தி வைப்பது, பின்னால் ஒயர் செருகுவதற்காக முன்னால் இழுப்பது, வீடு பெருக்கும்போது ஓரமாகத் தள்ளுவது எதுவும் கூடாது. ஒரு நொடி சாய்ந்தாலே போதும், டிஸ்க் காலி.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பது 12 எக்ஸ் வேக டிவிடி டிரைவ். டிஸ்க் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். அந்த வேகத்தில் சுழலும் தட்டு, பம்பரம் மாதிரி, தன் அச்சை விட்டு அசைய மறுக்கும். நீங்கள் பெட்டியைச் சாய்க்கும்போது பெட்டி சாய்ந்துவிடும். தட்டு கூடவே சாயாது. அதன் அடிப்பக்கம் லென்ஸைச் சுற்றியுள்ள பகுதியில் போய் உரசும். 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்கும். எடுத்துத் திருப்பிப் பார்த்தால் முழு வட்டமாக ஒரு கீறல், நகம் வைத்தால் தட்டுப்படும் ஆழத்தில்.

கீறல்களிலேயே மோசமானது இந்த வட்டக் கீறல்தான். டிஸ்க்கில் தகவல் சுருள் வட்டமாகத்தான் பதிந்திருக்கிறது. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விழுந்த மெல்லிய கோடு என்றால் ஒவ்வொரு சுற்றிலும் துளித் துளியாகத்தான் சேதம். அதை டிரைவ் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். வட்டக் கீறலோ தடத்தோடு தடமாக ஓடி, தொடர்ச்சியாக ஒரு பெரும் பகுதியையே அழித்துவிடும். துடைக்கும்போதும் இதே கணக்குதான். மென்மையான துணியால் நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

அசைக்காமலே கீறல் விழுகிறது என்று அமெரிக்காவில் சிலர் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் 2017 ஜூனில் தீர்ப்பு மைக்ரோசாஃப்ட் பக்கம் வந்தது. ஆனால் கீறலுக்கு யார் பொறுப்பு என்பதை அந்த நீதிமன்றம் தொடவே இல்லை. மேல்முறையீடு செய்யும் முறை சரியா என்பதை மட்டும் பார்த்து முடித்துவிட்டது. ஆகவே டிஸ்க் போனால் நஷ்டம் நமக்குத்தான்.

இப்போது அந்த நஷ்டம் இன்னும் பெரிது. 2024 ஜூலை 29 அன்று எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஆன்லைன் கடையை மூடிவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கியவற்றை மறுபடி இறக்கிக்கொள்ளலாம்; அந்தப் பெட்டியில் புதிதாக ஒன்று வாங்க முடியாது. புதிய எக்ஸ்பாக்ஸ்களில் ஓடும்படி மாற்றப்படாத கேம்களுக்கு, கையிலிருக்கும் டிஸ்க்கை விட்டால் நேர்வழி வேறில்லை.

அதனால்தான் சொல்கிறேன், டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும்போதே ஹார்ட் டிரைவில் இன்ஸ்டால் செய்துவிடுங்கள். 2008 நவம்பரில் வந்த அப்டேட்டிலிருந்து இந்த வசதி இருக்கிறது. கேமின் விவரப் பக்கத்தைத் திறந்தால் இன்ஸ்டால் என்று இருக்கும். ஒரு டிஸ்க்குக்கு ஏறக்குறைய 6 முதல் 8 ஜிபி இடம் வேண்டும். இன்ஸ்டால் ஓடும் நேரம் முழுக்க டிரைவ் முழு மூச்சாகச் சுற்றும். அப்போதுதான் அதிக ஜாக்கிரதை தேவை. முடிந்த பிறகு, ஆரம்பத்தில் ஒரு முறை சரிபார்ப்பதற்காகச் சுற்றிவிட்டு டிஸ்க் நின்றுவிடும். சத்தம் குறையும், சூடு குறையும், லென்ஸுக்கும் ஆயுள் கூடும். கீறல் விழுந்த பிறகு இன்ஸ்டால் செய்யப் போனால் பாதியில் நின்றுவிடும், ஞாபகமிருக்கட்டும்.

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இன்ஸ்டால் ஆகிவிட்டதே, இனி டிஸ்க் எதற்கு என்று விற்றுவிடுகிறார்கள், நண்பனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கூடவே கூடாது! விளையாட ஒவ்வொரு முறையும் அந்த டிஸ்க் டிரேயில் இருந்தாக வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360 மட்டுமல்ல, பிஎஸ்4, பிஎஸ்5 எல்லாவற்றிலும் இதே கதை. டிஸ்க்கில் வாங்கிய கேம் முழுவதும் உள்ளே ஏறியிருந்தாலும், டிஸ்க் இல்லையென்றால் திறக்காது.

எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு இன்ஸ்டால் செய்வதும் தப்பு. ஹேலோ 3-ஐ இன்ஸ்டால் செய்தால் லோடிங் நேரம் கூடும் என்று அதை உருவாக்கிய பஞ்ஜி நிறுவனமே சொன்னது; அந்த கேம் ஏற்கெனவே ஹார்ட் டிரைவைத் தன் போக்கில் பயன்படுத்திக்கொள்கிறது. ஜிடிஏ 5 இரண்டு டிஸ்க்காக வந்தது. முதலாவதை இன்ஸ்டால் செய்தே ஆக வேண்டும். இரண்டாவதைச் செய்யாதீர்கள் என்று ராக்ஸ்டார் நிறுவனமே கேட்டுக்கொண்டது. இரண்டையும் ஒரே டிரைவிலிருந்து படிக்க நேர்ந்தால், சாலையும் கட்டடமும் தாமதமாகத்தான் திரையில் துலங்கும்.

அடுத்து, பற்பசை வைத்தியம். தயவுசெய்து வேண்டாம். பற்பசையில் இருப்பது தேய்த்து மெருகேற்றும் பொடி. டிவிடியில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மி.மீ. உள்ளே இருக்கிறது, அதனால் கடையில் மெஷினில் பாலிஷ் போட்டால் சில டிஸ்க்குகள் பிழைப்பதுண்டு. பிஎஸ்4, பிஎஸ்5 கேம்கள் வருவது புளூ-ரேயில். அதில் தகவல் வெறும் 0.1 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது. மேலே இருக்கும் கடினமான பூச்சைத் தேய்த்துவிட்டால் திரும்ப வராது. தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எதையும் எந்த டிஸ்க்கின் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள். பழைய பிளேஸ்டேஷன் 1 சிடி வைத்திருப்பவர்கள் லேபிள் பக்கத்தைத்தான் அதிகம் காப்பாற்ற வேண்டும். சிடியில் தகவல் அந்த மேல்பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே கீறினால் எந்த பாலிஷும் உதவாது.

பழைய டிஸ்க் வாங்கும்போது கடையிலேயே கவரிலிருந்து எடுத்து விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். முழு வட்டக் கோடு தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நடு ஓட்டையைச் சுற்றி வெடிப்பு இருந்தாலும் வாங்காதீர்கள். அந்த வேகத்தில் சுற்றும்போது டிரைவுக்குள்ளேயே உடையலாம். வீட்டில் டிஸ்க்கை அதன் உறைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதும் நடுப் பிடியை அழுத்தி எடுங்கள், விளிம்பைப் பிடித்து வளைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காரில் டிஸ்க்கை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கன்சோலை நகர்த்த வேண்டுமா? முதலில் டிஸ்க்கை வெளியே எடுத்து அதன் உறைப் பெட்டியில் வையுங்கள், பிறகு பவரை ஆஃப் செய்யுங்கள், அதற்கப்புறம் கன்சோலில் கை வையுங்கள். வீட்டில் குழந்தைகள் விளையாடுகிறார்கள் என்றால் இந்த வரிசையை அவர்களுக்கு இன்றைக்கே சொல்லிக்கொடுங்கள்.