புரோமினை வெளியேற்ற இரண்டு வழிகள்

ப்ளஸ் ஒன் வேதியியலில் வரும் கருக்கவர் பதிலீட்டு வினையைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். கார்பனோடு இணைந்திருக்கும் புரோமினையோ குளோரினையோ வெளியேற்றி, எலக்ட்ரான் மிகுந்த வேறொன்று அந்த இடத்தைப் பிடிப்பதுதான் இந்த வினை. தேவை நான்கு சோதனைக் குழாய்கள், இரண்டு திரவங்கள், அவற்றைச் சொட்ட இரண்டு கரைசல்கள்.

இரண்டு திரவங்களுக்கும் வாய்பாடு ஒன்றே, அமைப்புதான் வேறு. 1-புரோமோபியூட்டேனில் புரோமின் சங்கிலியின் நுனியில் இருக்கிறது. 2-புரோமோ-2-மெத்தில்புரோப்பேனில், புரோமினைத் தாங்கிய கார்பனை மூன்று மெத்தில் தொகுதிகள் நெருக்கி நிற்கின்றன.

முதலில், இரண்டு குழாய்களில் அசிட்டோனில் கரைத்த சோடியம் அயோடைடு எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு திரவத்தை இரண்டு சொட்டு விட வேண்டும். நுனிப் புரோமின் உள்ள குழாய் சில நிமிடங்களில் வெண்மையாகக் கலங்கும். வெளியேறிய புரோமின் சோடியத்துடன் சேர்ந்து உருவாகும் சோடியம் புரோமைடு அசிட்டோனில் கரையாது, அதனால்தான் வீழ்படிவு. மற்றக் குழாயில் வெகுநேரம் அசைவில்லை. அடுத்து, எத்தனாலில் கரைத்த சில்வர் நைட்ரேட். இங்கே எல்லாம் தலைகீழ்: நெருக்கடியான கார்பன் உள்ள குழாய் சொட்டு விழுந்ததுமே வெளிர்மஞ்சளாகத் திரியும், மற்றது மெல்லத்தான் கலங்கும்.

காரணத்தை 1930களில் லண்டனில் இங்கோல்டும் ஹியூஸும் விளக்கினார்கள். அயோடைடு கார்பனைப் பின்பக்கமிருந்து தாக்க வேண்டும். மூன்று மெத்தில்கள் வழிமறித்தால் முடியாது. இந்த வழிக்குப் பெயர் எஸ்என்2. சில்வர் நைட்ரேட்டிலுள்ள வெள்ளி அயனியோ புரோமினை இழுத்துக்கொண்டு போகிறது. மிஞ்சும் நேர்மின் கார்பனை அதே மூன்று மெத்தில்களும் தாங்கிப் பிடிக்கின்றன. பிறகு எத்தனால் வந்து இணைகிறது. இந்த வழிக்குப் பெயர் எஸ்என்1.

ஒரு எச்சரிக்கை. மல்லசமுத்திரம், திருச்செங்கோடு பக்கத்து போர்வெல் தண்ணீரில் குழாயைக் கழுவி அப்படியே பயன்படுத்தினால், திரவத்தைச் சொட்டும் முன்பே சில்வர் நைட்ரேட் கலங்கிவிடும். அது தண்ணீரிலுள்ள குளோரைடின் வேலை. வாலைவடிநீரில் அலசி, நன்றாக உலர்த்த வேண்டும். சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் விரல் கறுத்துப்போகும்.

மல்லசமுத்திரத்தில் ஏலம் போகும் பருத்திக்கும் இந்த வேதியியலோடு உறவுண்டு. 1956இல் ஐசிஐ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த புரோசியான் சாயங்களில், டிரையசின் வளையத்தில் குளோரின் இருக்கும். மேலே பார்த்த இரண்டு திரவங்களைப் போல இவை ஆல்கைல் ஹாலைடு அல்ல, வினை நடக்கும் பாதையும் வேறு. ஆனாலும் குளோரின் வெளியேற, பருத்தியின் ஆக்சிஜன் அங்கே பிணைகிறது. சாயமேற்றும்போது சலவைச் சோடா போடுவது அந்த ஆக்சிஜனை எலக்ட்ரான் மிகுந்ததாக்கத்தான். சிக்கல் என்னவென்றால், தண்ணீரும் அதே இடத்துக்குப் போட்டியிடும். தண்ணீர் முந்திக்கொண்ட சாயம் நூலில் பிடிக்காது, அலசும்போது போய்விடும். குமாரபாளையம், பள்ளிபாளையம் சாயப் பட்டறைகளின் கழிவுநீரை நிறமாக்குவதில் அதற்குப் பெரும் பங்குண்டு.