விளையாட்டுப் பத்திரிகைக்குச் சந்தா கட்டலாமா?

ஒரு விளையாட்டு. அந்த விளையாட்டுக்கு ஒரு பத்திரிகை. அந்தப் பத்திரிகைக்கு மாதா மாதம் பணம்!

"இது காசைக் கரியாக்கும் வேலை" என்று சிலர் சொல்கிறார்கள். "இல்லை, கட்டிய பணத்துக்கு மேலேயே கிடைக்கிறது" என்று சிலர் சொல்கிறார்கள்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இது பழைய வாதம். 1975-ஆம் ஆண்டு முதல் இந்த விளையாட்டுக்குப் பத்திரிகை உண்டு. பல பத்திரிகைகள் பிறந்தன. சில செத்தன. ஒன்றிரண்டு உருமாறின. இன்று கேள்வி இன்னும் கூர்மையாகி விட்டது. எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில், காசு கொடுத்துப் பத்திரிகை வாங்க வேண்டுமா?

பதில் சொல்வதற்கு முன், அது என்ன விளையாட்டு என்று தெரிந்துகொள்வோம்.

செருப்புத் தைத்தவர்

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சிறிய ஊர். அங்கே கேரி கைகாக்ஸ் என்பவர் இருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். 1970-இல் வேலை போய்விட்டது. பிறகு செருப்புப் பழுது பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

அவருக்கு ஒரு பைத்தியம். பொம்மைப் படைகளை மேஜையில் நிறுத்திப் போர் விளையாட்டு ஆடுவார். மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் என்ற இளைஞருக்கும் அதே பைத்தியம். ஆர்னெசன் ஒரு புதுமை செய்தார். 'படை முழுவதையும் நடத்த வேண்டாம். ஆளுக்கு ஒரு வீரனாக இருங்கள்' என்றார்.

இருவரும் சேர்ந்தார்கள். 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வெளிவந்தது. ஒரு சிறு பெட்டி. அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். முதலில் 1,000 பெட்டிகள்தான் தயாராயின. அவை ஓர் ஆண்டுக்குள் விற்றுவிட்டன!

ஜெயித்தவர் யாருமில்லை

விளையாட்டு எப்படி?

மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருகிறார்கள். ஒருவர் கதை சொல்பவர். மற்றவர்கள் கதையில் வரும் ஆட்கள். ஒருவன் வீரன். ஒருத்தி மந்திரக்காரி. இன்னொருவன் திருடன்.

"உங்கள் முன்னால் ஒரு குகை. உள்ளே உறுமல் கேட்கிறது. என்ன செய்கிறீர்கள்?" என்று கதை சொல்பவர் கேட்பார்.

"தீவட்டியைக் கொளுத்திக்கொண்டு உள்ளே போகிறேன்" என்பான் வீரன். முயற்சி பலிக்குமா? பகடை உருட்டுவார்கள். சாதாரணப் பகடை அல்ல. 20 முகம் கொண்ட பகடையும் உண்டு! விழும் எண்ணைப் பொறுத்துக் கதை திரும்பும்.

இதில் ஜெயித்தவர், தோற்றவர் என்று கிடையாது. வாரா வாரம் கூடுவார்கள். கதை வளர்ந்துகொண்டே போகும். ஒரே கதை இரண்டு மூன்று வருஷம் ஓடுவதும் உண்டு.

இதில் பெரும்பாடு யாருக்கு? கதை சொல்பவருக்கு! ஒவ்வொரு வாரமும் புதிய ஊர், புதிய பூதம், புதிய சிக்கல் வேண்டும். மற்றவர்கள் கையை வீசிக்கொண்டு வரலாம். அவர் வரமுடியாது. இந்த இடத்தில்தான் பத்திரிகை நுழைந்தது.

'டிராகன்' பிறந்தது

விளையாட்டை வெளியிட்ட கம்பெனியின் பெயர் டி.எஸ்.ஆர். அது 1975-இல் ஒரு சிறு ஏட்டைத் தொடங்கியது. ஏழு இதழோடு அது நின்றது. அதன் வாரிசாக 1976 ஜூனில் 'டிராகன்' பத்திரிகை வந்தது.

வாசகர்கள் மொய்த்தார்கள். காரணம் உண்டு. விளையாட்டின் விதிகள் குழப்பமானவை. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? 1979-இல் 'டிராகன்' கேள்வி-பதில் பகுதி ஆரம்பித்தது. அது வாசகர்களின் சந்தேகங்களைத் தீர்த்தது. புதிய மந்திரங்கள் வந்தன. புதிய பூதங்கள் வந்தன.

1986-இல் 'டஞ்சன்' என்ற இரண்டாவது பத்திரிகை பிறந்தது. இதில் முழுக்க முழுக்கக் கதைகள். படமும் வரைபடமும் போட்டு, 'இந்த அறையில் இது இருக்கிறது, இந்தக் கதவுக்குப் பின்னால் இவன் நிற்கிறான்' என்று எல்லாம் எழுதித் தந்தார்கள். கதை சொல்பவர் படித்துவிட்டு அன்று மாலையே ஆட்டத்தை நடத்தலாம்!

பின்னால் இதில் தொடர்கதையும் வந்தது. பன்னிரண்டு இதழில் முடியும் பெருங்கதை. அடுத்த மாதம் என்ன வருமோ என்று வாசகர்கள் காத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடப் பையனின் பூதம்

இந்தப் பத்திரிகைகளுக்கு இன்னொரு பெருமை உண்டு. வாசகரே எழுத்தாளராக மாறினார்.

இங்கிலாந்தில் 1977-இல் 'ஒயிட் டுவார்ஃப்' என்ற பத்திரிகை தொடங்கியது. அதில் வாசகர்கள் தாங்கள் கற்பனை செய்த பூதங்களை எழுதி அனுப்பலாம். 1979-இல் சார்லஸ் ஸ்ட்ராஸ் என்ற பள்ளிக்கூடப் பையனின் படைப்பு அதில் வந்தது. 'கித்யாங்கி' என்று ஓர் இனம். மஞ்சள் தோல், கையில் வாள், அடிமைத்தளையை அறுத்து வந்த கோபக்காரர்கள்.

1981-இல் அந்தப் பூதங்களைத் தொகுத்துப் புத்தகம் போட்டார்கள். அட்டைப்படத்தில் யார்? கித்யாங்கிதான்! 2023-இல் வந்து உலகமெங்கும் விற்ற 'பால்டர்ஸ் கேட் 3' கம்ப்யூட்டர் விளையாட்டிலும் அதே கித்யாங்கி வருகிறது. அந்தப் பையன் வளர்ந்து பெயர்பெற்ற நாவலாசிரியர் ஆனார்.

கனடாவில் எட் கிரீன்வுட் என்று ஒரு நூலகர். அவரும் 1979 முதல் 'டிராகன்' பத்திரிகைக்கு எழுதினார். தன் மனத்திலிருந்த கற்பனை உலகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுரைகளில் அவிழ்த்தார். 1987-இல் அந்த உலகம் தனி விளையாட்டு நூலாக வந்தது. இன்றும் அந்த விளையாட்டில் மிகவும் பெயர்பெற்ற உலகம் அதுதான்.

சந்தா கட்டியவர் தவித்தார்

இனி மறுபக்கம்.

1990-களின் நடுவில் டி.எஸ்.ஆர். கம்பெனி கடனில் மூழ்கியது. அச்சகத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லை. 1997-இல் பல மாதம் 'டிராகன்' வெளிவரவே இல்லை. சந்தா கட்டியவர்கள் தபால்பெட்டியைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தார்கள். அதே ஆண்டு 'விசர்ட்ஸ் ஆப் தி கோஸ்ட்' என்ற கம்பெனி டி.எஸ்.ஆரை விலைக்கு வாங்கியது. பத்திரிகை மறுபடி உயிர் பெற்றது.

2002-இல் இரண்டு பத்திரிகைகளையும் நடத்தும் உரிமை 'பைஸோ' என்ற கம்பெனிக்குப் போனது. நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் 2007-இல் அந்த உரிமை முடிந்தது. 'டிராகன்' 359-ஆவது இதழோடு நின்றது. 'டஞ்சன்' 150-ஆவது இதழோடு நின்றது. 31 ஆண்டு வந்த பத்திரிகை ஒரே நாளில் பழங்கதை ஆயிற்று!

பாக்கிச் சந்தா என்ன ஆயிற்று? பைஸோ கம்பெனி நாணயமாக நடந்தது. 'பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அல்லது வேறு புத்தகம் எடுத்துக்கொள்ளலாம்' என்றது. 'பாத்ஃபைண்டர்' என்ற புதிய மாத வெளியீட்டையும் தொடங்கியது. பழைய வாசகர்கள் பலர் பின்னாலேயே போனார்கள். அந்தக் கம்பெனி பிழைத்ததே அவர்களால்தான்.

காகிதம் போச்சு, கம்ப்யூட்டர் வந்தது

'டிராகன்' பெயரை விசர்ட்ஸ் கம்பெனி விடவில்லை. 2008 முதல் கம்ப்யூட்டர் வழியாகச் சந்தாதாரர்களுக்குத் தந்தது. ஆட்டத்துக்கு உதவும் கருவிகளும் கூடவே கிடைத்தன. 2013 கடைசியில் இதழ்கள் நின்றன. கருவிகள் இன்னும் சில ஆண்டு ஓடின. 2020 ஜனவரி 1-ஆம் தேதி அவையும் மூடப்பட்டன.

2015-இல் 'டிராகன் பிளஸ்' என்று ஓர் இலவச இதழ் வந்தது. அதுவும் 2022-இல் நின்றுவிட்டது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. 1976-இல் வாங்கிய காகித இதழ் பரண்மேல் இருந்தால் இன்றும் எடுத்துப் படிக்கலாம். கம்பெனியின் கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பது, கம்பெனி கதவைச் சாத்தினால் போயே போச்சு! கட்டிய பணம் வாடகைப் பணம். சொந்த வீடு அல்ல.

'ஒயிட் டுவார்ஃப்' கதை வேறு மாதிரி. அது சாகவில்லை. 2024-இல் 500-ஆவது இதழையும் கண்டது. ஆனால் 1980-களின் கடைசியிலேயே அது மாறிவிட்டது. மற்றக் கம்பெனிகளின் விளையாட்டுகளை விட்டது. சொந்தக் கம்பெனியின் பொம்மைப் படைகளையே பெரிதும் பேசலாயிற்று. பொம்மைக்கு வர்ணம் தீட்டுவோருக்கு அது விருந்து. கதை விளையாட்டுக்காரருக்கு அதில் வேலை இல்லை. பெயர் பழையது, சரக்கு வேறு!

இலவசம் வந்த பிறகு

முன்பு பத்திரிகை செய்த வேலைகளை இன்று யார் செய்கிறார்கள்?

செய்தி வேண்டுமா? கைப்போனில் நொடியில் வருகிறது. விதியில் சந்தேகமா? கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்கிறார்கள். விதிகளே கூட இலவசம்! 2023 ஜனவரியில் விசர்ட்ஸ் கம்பெனி விளையாட்டின் அடிப்படை விதிகள் 400 பக்கத்தை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது.

அது தானாக விடவில்லை. அதற்கு முன் உரிமத்தைக் கடுமையாக்கப் பார்த்தது. விஷயம் வெளியே கசிந்தது. விளையாடுவோர் கொதித்தார்கள். 'டி அண்டு டி பியாண்ட்' என்ற கம்பெனியின் இணையச் சேவைக்குக் கட்டிவந்த சந்தாவைப் பலர் நிறுத்தினார்கள். கம்பெனி பணிந்தது. சந்தாவும் ஒரு வாக்குச்சீட்டுதான் என்பது அன்று தெரிந்தது.

கதைகளும் மலிந்துவிட்டன. 2016 முதல் வாசகர்களே எழுதி இணையத்தில் விற்க ஒரு கடை இருக்கிறது. விற்ற பணத்தில் பாதி எழுதியவருக்கு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே எல்லாம் குவிந்து கிடக்கிறது. மணி எது, பதர் எது என்று நாமே புடைக்க வேண்டும். பத்திரிகையில் ஆசிரியர் புடைத்துக் கொடுத்தார். வந்து குவிந்ததில் நல்லதைப் பொறுக்கினார். தப்பைத் திருத்தினார். பிறகுதான் அச்சேற்றினார்.

இன்று பத்திரிகைக்குக் கொடுக்கும் பணம் செய்திக்கு அல்ல, விதிக்கும் அல்ல. இந்தப் பொறுக்கும் வேலைக்குத்தான்.

யார் கட்டலாம்?

வாரா வாரம் கதை நடத்துபவர் கட்டலாம். ஒரு கதையைப் புதிதாகக் கட்டப் பல மணி நேரம் ஆகும். வேலைக்குப் போகிறவருக்கும், பிள்ளைகளை வைத்திருப்பவருக்கும் அந்த நேரம் பெரிது. ஆண்டில் மூன்று நான்கு கதை பயன்பட்டாலே பணம் திரும்பிவிட்டது.

சும்மா ஆடுகிறவர் கட்ட வேண்டியதில்லை. கதையை முன்னதாகப் படித்துவிட்டால் ஆட்டத்தின் ருசியே போய்விடும்!

கூடிப் பங்கு போடலாம். மாதம் 10 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 120 டாலர். ஐந்து பேர் பிரித்தால் ஆளுக்கு மாதம் 2 டாலர்தான். கதை சொல்பவர் படிக்கட்டும். ஐந்து பேரும் ஆடட்டும்.

கட்டும்முன் கவனியுங்கள்

முதலில் ஒரு பழைய இதழை வாங்கிப் பாருங்கள். அதில் எத்தனை பக்கம் ஆட்டத்துக்கு உதவும், எத்தனை பக்கம் விளம்பரம் என்று எண்ணுங்கள்.

ஓர் ஆண்டுக்கு மேல் சந்தா கட்டாதீர்கள். 31 ஆண்டு வந்ததே நின்றிருக்கிறது.

பத்திரிகை நின்றால் பாக்கிப் பணம் வருமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கம்ப்யூட்டரில் வருவது என்றால், இறக்கி நம்மிடம் வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அது வாடகை. வாடகைக்கு உரிய விலைதான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் இதழ்களை எண்ணிப் பாருங்கள். பிரிக்காமலே மூன்று இதழ் கிடக்கிறதா? தயங்காமல் நிறுத்திவிடுங்கள். தாள் கிழிந்து, ஓரம் மடங்கி, காபிக் கறை படிந்து கிடக்கிறதா? தாராளமாக அடுத்த ஆண்டுக்கும் கட்டுங்கள்!

படிக்காத பத்திரிகை எவ்வளவு மலிவானாலும் நஷ்டம். நாலு பேர் கூடி ஆடித் தீர்த்த பத்திரிகை, என்ன விலை கொடுத்தாலும் லாபம்!