மாற்றிய விதையும் மக்கள் உணவும்

அறியாத உணவைக் கண்டு அஞ்சுவது மனிதனுக்கு இயல்பு. முன்பின் அறியாத காளானை வாயிலிடுமுன் தயங்கியவனே உயிர்பிழைத்தான். ஆயினும், தயக்கம் ஒன்றே ஆட்சிபுரிந்திருப்பின் நம் அடுக்களை இத்துணை வளம் பெற்றிராது. நாடோறும் கறிக்கு இடும் மிளகாயும், தக்காளியும், உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல்கடந்து வந்தவையே. தயங்கவும் வேண்டும், துணியவும் வேண்டும். எதற்குத் தயங்குவது, எதற்குத் துணிவது என்பதை ஆராய்ந்தறிவதே அறிவுடைமை. பரம்பரையலகு மாற்றிய உணவைப்பற்றி உலகெங்கும் நிகழும் வாதத்தையும் இந்நோக்குடனேயே அணுகுதல் வேண்டும்.

பரம்பரையலகு என்பது யாது? ஓர் உயிரின் உடல் எவ்வாறு அமைய வேண்டும், எந்தப் புரதத்தை ஆக்க வேண்டும் என்னும் கட்டளைகள் அதன் ஒவ்வொரு கலத்தினுள்ளும் பொதிந்துள்ளன. அக்கட்டளைகளுள் ஒன்றே பரம்பரையலகு. தமிழகத்தார் இதனை மரபணு என்பர். நல்ல கதிரைத் தெரிந்து விதைநெல்லாக வைத்த உழவனும், இரு நெல்லினங்களைக் கலந்து புதிய இனம் ஆக்கிய பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தாரும் பயிரின் பரம்பரையை மாற்றியவர்களே. ஆனால் அவர்கள் நெல்லோடு நெல்லையே சேர்த்தனர். இன்றைய விஞ்ஞானியோ தொடர்பற்ற வேறோர் உயிரிலிருந்து ஒரு கட்டளையை மட்டும் பிரித்தெடுத்துப் பயிரினுள் புகுத்த வல்லவனாயிருக்கிறான். புதுமையும் அதனால் எழுந்த ஐயமும் இங்கேதான் உள்ளன.

நாமனைவரும் அறிந்த கத்தரிக்காயையே எடுத்துக்கொள்வோம். கத்தரிக்குப் பெரும் பகை, அதன் தண்டையும் காயையும் துளைக்கும் புழு. முட்டையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்துள் அது காயினுள் புகுந்துவிடும். புகுந்தபின் தெளிக்கும் நஞ்சு அதனைச் சென்றடைவதில்லை. ஆதலின் புழு புகுமுன்னரே கொல்லக் கருதி, உழவர் திரும்பத் திரும்ப மருந்து தெளிக்கின்றனர்; காய் பறிக்கும் காலத்திலும் நிறுத்துவதில்லை. அந்நஞ்சை முதலில் சுவாசிப்பவன் தெளிப்பவன். எஞ்சியதை உட்கொள்பவர் நாம்.

மண்ணிலே வாழும் ஒருவகைப் பற்றீரியா, சில புழுக்களைக் கொல்லும் புரதத்தை ஆக்குகின்றது. அப்புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலிலே, அதற்கென அமைந்த இடங்களைப் பற்றிக்கொண்டு குடலைச் சிதைக்கும். மனிதரின் குடலில் அத்தகைய இடங்கள் இல்லை. இப்பற்றீரியாவை இயற்கைமுறை உழவர்கூடப் பல்லாண்டுகளாகத் தெளித்து வந்துள்ளனர். புரதத்தை ஆக்கும் பரம்பரையலகைக் கத்தரியினுள்ளேயே வைத்துவிட்டால், அச்செடியைக் கடிக்கும் புழு தானே மடியும். இதுவே பீற்றி கத்தரியின் தத்துவம்.

இந்தியாவில் ஆக்கப்பட்ட இக்கத்தரிக்கு அந்நாட்டின் அங்கீகாரக் குழு 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் இசைவளித்தது. எதிர்ப்பு எழவே, சுற்றாடல் அமைச்சர் ஜயராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுமக்களின் கருத்தைக் கேட்டார். 2010 பெப்ரவரி 9ஆம் திகதி பயிரிடுதலை நிறுத்திவைத்தார். விதையை ஆக்கிய நிறுவனத்தாரின் தரவுகளிலேயே பரிசோதனைகள் பெரிதும் தங்கியிருந்தன என்பதும், எண்ணற்ற கத்தரியினங்கள் வழங்கும் தேசத்திலே கலப்பு நேர்ந்தால் மீட்சியில்லை என்பதும் அவ்வெதிர்ப்பின் சாரம்.

அதே பரம்பரையலகைக் கொண்ட நான்கு கத்தரியினங்களைப் பங்களாதேஷ் 2013ஆம் ஆண்டு ஒக்டோபரில் அங்கீகரித்தது. மறு ஆண்டு ஜனவரியில் இருபது உழவர் நாற்றுக்களைப் பெற்றனர். அங்கே அவ்வினங்களை ஆக்கியது அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிலையம். உழவர் விதையை எடுத்துவைத்து மறுபடியும் விதைக்கலாம். அங்கு நடத்திய ஆய்வுகள் மருந்துச் செலவு குறைந்ததையும் விளைச்சல் கூடியதையும் காட்டின. எனினும் சாறுறிஞ்சும் பூச்சிகளை இப்புரதம் கொல்லாமையால், மருந்து தெளித்தல் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அயல்நாடுகள் இரண்டு, ஒரே காய்க்கு மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தன. இரண்டும் ஆராய்ந்தே அளிக்கப்பட்டன. இரண்டுக்கும் ஒரு விலையுண்டு.

உண்பவருக்கு இவ்வுணவுகள் கேடு செய்யுமா? இதற்கு மொத்தமாக ஒரு விடை பகர்தல் இயலாது. சோயா அவரையின் போசணையை உயர்த்தக் கருதி, பிறேசில் கொட்டையின் பரம்பரையலகை ஒரு நிறுவனத்தார் அதிலே புகுத்தினர். பிறேசில் கொட்டை ஒவ்வாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒவ்வாதென்பதைப் பரிசோதனை காட்டியது. அம்முயற்சி கைவிடப்பட்டது, ஆய்வு 1996இல் வெளியாயிற்று. இதை ஆபத்துக்குச் சான்று என்பர் ஒருசாரார்; பரிசோதனை பயன்தந்தமைக்குச் சான்று என்பர் மறுசாரார். இருவர் கூற்றும் உண்மையே. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே, கால்நடைகளுக்கு மாத்திரம் அனுமதிக்கப்பட்ட ஸ்டார்லிங்க் என்னும் சோளம் மக்கள் உணவிற் கலந்திருக்கக் காணப்பட்டது. அதனால் நோயுற்றோம் என்றவர்களின் குருதியைச் சோதித்தபோது அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் வேலி போட்டவர்களே வேலியைக் காக்கத் தவறினர் என்பது வெளிப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானக் கழகங்கள் பெருந்தொகையான ஆய்வுகளைச் சீர்தூக்கி 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. விற்பனையிலிருந்த இத்தகைய உணவுகள் ஏனைய உணவுகளினும் உடல்நலத்துக்குக் கூடிய கேடு விளைப்பன என்பதற்குத் தக்க சான்று இல்லையென அவ்வறிக்கை கூறிற்று. நாடளாவிய விளைச்சல் முன்னினும் விரைவாகப் பெருகியதற்கும் சான்று இல்லை என்றது. களைகொல்லிக்கு அசையாத களைகள் பெருகியதையும் எடுத்துக்காட்டியது. அச்சமூட்டியவர்க்கும் ஆசைகாட்டியவர்க்கும் அவ்வறிக்கை ஒருங்கே விடையளித்தது எனலாம்.

இயற்கையும் வாளாவிருப்பதில்லை. பீற்றி பருத்திக்கு இந்தியா 2002இல் அனுமதி வழங்கியது. பத்தாண்டு நிறைவுறுமுன்னரே, குஜராத்திலே இளஞ்சிவப்புக் காய்ப்புழு அப்புரதத்துக்கு ஈடுகொடுக்கக் கற்றுக்கொண்டது. இதைத் தவிர்க்க வயலின் ஓரத்திலே மாற்றப்படாத செடிகளையும் நடல் வேண்டும். அங்கே வளரும் வலுவற்ற புழுக்களின் சந்ததி மற்றவற்றோடு கலப்பதால் எதிர்ப்புத்திறன் விரைந்து பரவாது. சிறுநிலம் உடைய உழவனுக்கோ இது இழப்பாகத் தோன்றும். விஞ்ஞானம் தந்த நன்மை நிலைப்பது அவன் ஒத்துழைப்பையே பொறுத்திருக்கிறது. அவனுக்கு இதனை எடுத்துரைக்காமல் விதையை மட்டும் விற்பது அறமாகாது.

பாடசாலை விவாத மேடையிலே “வேண்டும்”, “வேண்டாம்” என்று இரு கட்சி பிரித்து மாணவரைப் பேசவைப்போம். நாவன்மைக்கு அது நல்ல பயிற்சி; உணவைப்பற்றி முடிவுசெய்ய அம்முறை போதாது. எப்பயிரில் எந்தப் பரம்பரையலகு புகுத்தப்பட்டது? பரிசோதித்தவர் யார்? விதை யாருக்கு உரியது? இதனை விலக்கினால் அதற்குப் பதிலாக நாம் உண்ணப்போவது யாது? இவ்வினாக்களை ஒவ்வோர் உணவுக்கும் தனித்தனியே கேட்டல் வேண்டும். நான்காவது வினாவையே நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

நம் நாட்டில், உணவுச் சட்டத்தின் கீழ் 2006ஆம் ஆண்டில் ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. அவற்றின்படி, இவ்வகை உணவை அனுமதியின்றி இறக்குமதி செய்தலும் விற்றலும் ஆகா. அனுமதி பெற்றதையும் சுட்டுத்துண்டிலே குறிப்பிடல் வேண்டும். உண்பவன் அறிந்து உண்ணல் வேண்டும் என்னும் நெறியை இவ்விதி ஏற்றுக்கொள்கிறது. ஆயின், அந்நெறி பொதியில் அடைத்த பண்டத்தோடு நின்றுவிடலாகாது. சந்தையிலே குவித்து வைத்த கத்தரிக்காய்க்குச் சுட்டுத்துண்டு இல்லை. எத்தனை முறை நஞ்சு தெளிக்கப்பட்டது, இறுதியாகத் தெளித்து எத்தனை நாளாயிற்று என்பதை வாங்கும் தாய்க்கு எவரும் கூறுவதில்லை. மாற்றிய விதையைப்பற்றி நாம் எழுப்பும் அதே கேள்விகளை மாற்றாத விதையின் விளைவைப்பற்றியும் எழுப்பக் கற்றுக்கொண்டோமாயின், இவ்வாதம் எவ்வாறு முடியினும், நம் பிள்ளைகள் உண்ணும் உணவு தூய்மைபெறும்.