புதையலினும் பெரிது

நுழையும்முன்

மறைந்து கிடக்கும் பொருளைத் தேடிச் செல்லும் கதைகள் எல்லா மொழிகளிலும் உண்டு. ஏடுகளிலும் மேடைகளிலும் திரைப்படங்களிலும் வளர்ந்த அக்கதைகள் இன்று காணொளி விளையாட்டுகளிலும் தொடர்கின்றன. கதையைக் கேட்பவரும் காண்பவரும் அதற்கு வெளியே நிற்கின்றனர். விளையாட்டிலோ ஆடுபவரின் விரல்களே கதையை நடத்திச் செல்கின்றன. அவ்வகை விளையாட்டொன்று உலகெங்கும் பலரின் உள்ளத்தைக் கவர்ந்ததற்கான காரணங்களை இப்பாடம் விளக்குகிறது.

இமயமலைப் பகுதி. சுற்றிலும் பனி. தடம் புரண்ட தொடர்வண்டியின் பெட்டியொன்று செங்குத்தான பாறையின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வயிற்றில் குண்டடிபட்ட ஒருவன் அதனுள் கண்விழிக்கிறான். கையில் கிடைத்தவற்றைப் பற்றிக்கொண்டு அவன் மேலே ஏறியாக வேண்டும். அவனை ஏற்றிவிட வேண்டியவர் விளையாட்டை ஆடுபவர். அவன் எவ்வாறு காயமுற்றான், தொடர்வண்டி ஏன் கவிழ்ந்தது என்பன அவருக்குத் தெரியா. ‘அன்சார்ட்டட் 2: அமங் தீவ்ஸ்’ என்னும் விளையாட்டு இவ்வாறு தொடங்குகிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த ‘நாட்டி டாக்’ நிறுவனம் உருவாக்கிய இவ்விளையாட்டு, 2009ஆம் ஆண்டு சோனியின் ‘பிளேஸ்டேஷன் 3’ கருவிக்காக வெளியிடப்பட்டது. 2007இல் வெளிவந்த ‘அன்சார்ட்டட்: டிரேக்ஸ் ஃபார்ச்சூன்’ விளையாட்டின் தொடர்ச்சியாக இது அமைந்தது. ஏமி ஹென்னிக் படைப்பாக்க இயக்குநராகவும் புரூஸ் ஸ்ட்ரேலி விளையாட்டு இயக்குநராகவும் பொறுப்பேற்றனர். கதையமைப்பு, இசை முதலியவற்றுக்காகப் பிரித்தானியாவின் ‘பாஃப்டா’ விருதுகளையும் இது பெற்றது.

வரலாறு விட்ட இடைவெளி

புதையல் கதைக்கு நம்பத்தக்க தொடக்கம் வேண்டும். அதனை இவ்விளையாட்டு வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெனிசு நகரத்துப் பயணி மார்கோ போலோ, 1292ஆம் ஆண்டு வாக்கில் சீனத்திலிருந்து 14 கப்பல்களுடன் பாரசீகம் நோக்கிப் புறப்பட்டார். மாலுமிகள் நீங்கலாக ஏறத்தாழ 600 பேர் அக்கப்பல்களில் சென்றனர். அவர்களுள் மிகச் சிலரே உயிருடன் கரைசேர்ந்தனர் என்று அவருடைய பயண நூல் கூறுகிறது. ஏனையோர் மாண்ட காரணத்தை அது விளக்கவில்லை.

வரலாறு மௌனம் காக்கும் இவ்விடத்தில் கற்பனை நுழைகிறது. அக்கப்பல்களை, விரும்பியதை அளிக்கும் சிந்தாமணிக் கல்லுடன் தொடர்புபடுத்தி விளையாட்டு புனைந்துரைக்கிறது. அக்கல், கண்ணுக்குப் புலப்படாத சம்பாலா நகரில் உள்ளது. நேதன் டிரேக் என்னும் புதையல் வேட்டையாளன் அதனைத் தேடுகிறான். சோரன் லசாரெவிச் என்னும் போர்க்குற்றவாளியும் தன் படையுடன் அதனையே தேடுகிறான். மெய்யான செய்தியின் மீது புனைவு அமர்வதால், ஆடுபவர் கதையை எளிதில் நம்பத் தொடங்குகிறார்.

தெரிந்து தெளிவோம்

சிந்தாமணி என்பது நினைத்ததைத் தரும் மணி எனப் பொருள்படும். பௌத்த மரபிலும் இந்தியச் சமய மரபுகள் பிறவற்றிலும் இம்மணி பேசப்படுகிறது. திருத்தக்கதேவர் இயற்றிய காப்பியம் ‘சீவக சிந்தாமணி’ எனப் பெயர் பெற்றுள்ளமை நாம் அறிந்ததே. மார்கோ போலோவின் பயண நூலில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகமும் முத்துக்குளிப்பும் இடம்பெற்றுள்ளன.

முதற்பாகமும் தொடர்ச்சியும்

ஒரு படைப்பின் தொடர்ச்சியை உருவாக்குவது கடினமான பணியாகும். முதற்பாகத்தில் நாயகனைக் கண்டபோது தோன்றிய வியப்பு, மறுமுறை தோன்றாது. அதே கதையைச் சற்றுப் பெரிதாக்கித் தந்தால் சலிப்பே மிஞ்சும்.

முதற்பாகத்தின் நிகழ்வுகள் பெரும்பாலும் காடடர்ந்த ஒரே தீவில் நடைபெற்றன. இரண்டாம் பாகமோ இசுதான்புல் அருங்காட்சியகம், போர்னியோக் காடு, போரால் சிதைந்த நேபாள நகரம், இமயப் பனிக்குகை எனக் களம் மாறிக்கொண்டே செல்கிறது. எனினும், இடங்களின் எண்ணிக்கை மட்டும் அதன் சிறப்பாகாது. கதையின் நடுப்பகுதியை முதலில் காட்டிவிட்டுப் பின்னோக்கிச் செல்லும் உத்தியால், பழகிய நாயகனே மீண்டும் புதிராகிறான். அவன் பாறை விளிம்பை எவ்வாறு வந்தடைந்தான் என்னும் வினா, ஆட்டத்தின் நெடும்பகுதி முழுவதும் ஆடுபவரைத் தொடர்கிறது.

நடிப்பிலும் புதிய கவனம் செலுத்தப்பட்டது. நடிகர்கள் ஒரே அரங்கில் சேர்ந்து நடிக்க, அவர்களின் உடலசைவுகளும் உரையாடல்களும் பதிவுசெய்யப்பட்டுக் கணினி உருவங்களுக்கு ஏற்றப்பட்டன. அதனால் ஒருவர் பேச்சை மற்றவர் இடைமறிப்பதும், கேலி பேசுவதும், தயங்குவதும் இயல்பாக அமைந்தன.

ஓடும் வண்டியும் சரியும் கட்டடமும்

திரைப்படத்தில் கட்டடம் இடிந்தால் நாம் அதனைப் பார்க்கிறோம். இவ்விளையாட்டில், நேபாள நகரில் ஓர் உயர்ந்த கட்டடம் உலங்கு வானூர்தியின் தாக்குதலால் சரியும்போது, டிரேக் அதற்குள்ளே போரிட்டுக்கொண்டிருக்கிறான். தளம் சாய்கிறது, மேசை நாற்காலிகள் சறுக்குகின்றன. அவனை இயக்கும் கட்டுப்பாடு அப்போதும் ஆடுபவரின் கையிலேயே இருக்கிறது. கணநேரத்தில் அடுத்த கட்டடத்திற்குத் தாவ வேண்டும்.

தொடர்வண்டிப் பகுதியும் இத்தகையதே. நிற்கும் பெட்டிகளின் பின்னால் காட்சிகளை நகர்த்தி ஓட்டம்போலத் தோன்றச்செய்வது எளிய வழியாகும். நாட்டி டாக் நிறுவனத்தார் அதனை ஏற்கவில்லை. தாம் படைத்த உலகில் தண்டவாளம் அமைத்து, வண்டி அதன்மீது உண்மையாகவே செல்லுமாறு செய்தனர். வண்டி வளைவில் திரும்பும்போது முன்னுள்ள பெட்டிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. காட்டில் தொடங்கிய பயணம் பனிமலையில் முடிகிறது. இவ்வுழைப்பை ஆடுபவர் தனித்து உணர்வதில்லை. தாம் வண்டியின்மீது நிற்பதாக மட்டுமே உணர்கிறார். நுட்பம் தன்னை மறைத்துக்கொண்டு அனுபவத்தை முன்னிறுத்துவதை இங்குக் காணலாம்.

கைகூப்பாக் குறையைத் தீர்க்கும் ஊர்

ஓட்டமும் போரும் மட்டுமே தொடர்ந்தால் மனம் களைத்துவிடும். பனியில் மயங்கி விழுந்த டிரேக்கைத் தென்சின் என்னும் திபெத்தியர் காப்பாற்றித் தம் மலைச்சிற்றூருக்குக் கொண்டுசெல்கிறார். கண்விழித்த டிரேக் அவ்வூரில் மெல்ல நடக்கிறான். அங்குப் பகைவர் இல்லை, துப்பாக்கியும் இல்லை. அதுவரை எதிரியைத் தாக்கப் பயன்பட்ட பொத்தானை அழுத்தினால், அவன் ஊராரை நட்புடன் வரவேற்கிறான், கவரிமாவைத் தட்டிக்கொடுக்கிறான், சிறுவர்களுடன் விளையாடுகிறான். ஒரே பொத்தான் பகைக்கும் பரிவுக்கும் உரியதாக மாறும் இவ்விடம், விளையாட்டின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்றாகும்.

பின்னர் டிரேக்கும் தென்சினும் பனிக்குகைக்குள் செல்கின்றனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆயினும், கைகொடுத்துத் தூக்கியும் கயிற்றைப் பற்றியும் ஒருவர் உயிரை மற்றவர் காக்கின்றனர். அவர்கள் திரும்பி வரும்போது ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. லசாரெவிச்சின் படை பீரங்கி வண்டியுடன் புகுந்துவிட்டது. சற்றுமுன் சிறுவர்கள் ஆடிய தெருவிலேயே ஆடுபவர் போரிட நேர்கிறது. அந்த அமைதியை முன்பே சுவைத்தவர் என்பதால், அதன் அழிவு அவரை வருத்துகிறது.

பொருளா? உயிரா?

புதையல் கதைகளில் பொருள் கிடைக்குமா என்பதே முதன்மை வினாவாக இருப்பதுண்டு. இவ்விளையாட்டு மற்றொரு வினாவைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறது. நேபாளத்தில் செய்தியாளர் எலினாவின் ஒளிப்பதிவாளர் ஜெஃப் குண்டடிபடுகிறார். அவரை விட்டுச் செல்லுமாறு தோழி குளோயி வற்புறுத்துகிறாள். டிரேக் மறுத்து, அவரைத் தோளில் தாங்கிக்கொள்கிறான். அதுவரை விரைந்தோடியவன் இப்போது மெதுவாகவே நடக்க முடிகிறது. அந்தச் சுமையை ஆடுபவரும் உணர்கிறார். இறுதியில் ஜெஃப் கொல்லப்படுகிறார். ஆயினும், அவரைச் சுமந்தது வீண் என்று ஆடுபவருக்குத் தோன்றுவதில்லை.

போர்னியோவில் கிடக்கும் எலும்புக்கூடுகள் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. மார்கோ போலோவின் துணைவர்கள் புயலால் மாளவில்லை. வெறிகொண்டு ஒருவரையொருவர் கொன்றனர் என்று கதை விளக்குகிறது. முடிவில் சம்பாலா நகரம் சரிந்து மறைகிறது. டிரேக் வெறுங்கையுடன் திரும்புகிறான். முன்பு காயமுற்றவரை விட்டுச்செல்லச் சொன்ன குளோயியே, காயமுற்ற எலினாவைத் தாங்கிவர உதவுகிறாள். கதை ஈட்டித் தந்த செல்வம் இதுவே.

விடை கூறாத வினா

இவ்விளையாட்டில் குறையும் உண்டு. பரிவுடைய நாயகன் வழிநெடுக எண்ணற்ற வீரர்களைச் சுட்டு வீழ்த்துகிறான். இறுதிப் போரில் லசாரெவிச் இதனையே சுட்டிக்காட்டி, தனக்கும் அவனுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்கிறான். இன்று மட்டும் எத்தனை பேரைக் கொன்றாய் என்றும் வினவுகிறான். டிரேக்கிடம் அதற்குத் தக்க விடை இல்லை. பொத்தானை அழுத்தியவர் ஆடுபவரே என்பதால், அவ்வினா அவரையும் சேர்கிறது. தன் குறையைத் தானே உரைக்கும் துணிவு அப்படைப்புக்கு இருந்தது. அக்குறையைத் தீர்க்கும் வழி அதற்குத் தெரியவில்லை.

விரைவும் வியப்பும் ஆடுபவரை இவ்விளையாட்டிற்குள் ஈர்க்கின்றன. ஆனால் ஆட்டம் முடிந்தபின் நினைவில் நிற்பவை தோளில் சாய்ந்த ஒளிப்பதிவாளரும், மொழி புரியாமல் கைகொடுத்த தென்சினும், எரிந்த சிற்றூரும் ஆகும். தேடிச் சென்ற மணி கிடைக்கவில்லை. வழியில் கிடைத்த மனிதர்களை டிரேக் இழந்துவிடவும் இல்லை. ஒரு விளையாட்டை ஆடி முடிப்பவர், எதனை வென்றோம் என்பதுடன், எவரைக் காத்தோம், எவரை வீழ்த்தினோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.