ஜீப்புக்குக் கொயில் ஸ்பிரிங்: செலவுக்கு முன் ஒரு கணக்கு

பழைய லான்ட் ரோவர் வைத்திருக்கும் வியாபாரிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “நானா, முன்பக்க லீப் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு கொயில் ஸ்பிரிங் போட்டால் ஜீப் கார் மாதிரி ஓடுமாமே?” புல்மோட்டைக் கரையில் மீன் ஏற்றுபவரும் கேட்கிறார், மூதூர் வயல்களுக்கு உரம் கொண்டு போபவரும் கேட்கிறார். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில் தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. வரியோ கனதி. ஆகவே கையிலுள்ள வண்டியைச் சீர்செய்து ஓட்டவே பலரும் பார்க்கிறார்கள்.

1948இல் வந்த லான்ட் ரோவருக்கு நாலு சக்கரத்திலும் லீப் ஸ்பிரிங்தான். அதே கம்பனி 1970இல் ரேஞ்ச் ரோவருக்குக் கொயில் போட்டது. 1983இல் வந்த ‘வன் டென்’, பின்னாளில் டிபென்டர் என்று பெயர் பெற்ற வண்டி, அதற்கும் கொயில்தான். சொகுசு கூடுகிறது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் இது ஸ்பிரிங்கை மட்டும் மாற்றும் வேலையல்ல. லீப் ஸ்பிரிங் பாரத்தைத் தாங்குவதோடு, அச்சை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அசையாமல் பிடித்தும் வைக்கிறது. கொயில் பாரத்தை மட்டுமே தாங்கும். எனவே அச்சைப் பிடிக்க இரண்டு ரேடியஸ் ஆர்ம், பக்கவாட்டுக்கு ஒரு பனார்ட் ரொட், ஸ்பிரிங் அமரும் கூடு, ஷொக் அப்சோபருக்குப் புதிய பிடி என்பன செசியில் வெல்டிங் செய்யப்பட வேண்டும். அச்சின் சாய்வு பிசகினால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. பனார்ட் ரொட்டும் ஸ்டியரிங் தண்டும் ஒரே போக்கில் அமையாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிரேக் ஹோஸின் நீளமும் பார்க்கப்பட வேண்டும்.

கொயில் வண்டியின் அச்சையே வாங்கிப் பொருத்துவோரும் உண்டு. பழைய சீரிஸ் வண்டியில் இடது வலது சக்கரங்களுக்கு இடையே 51.5 அங்குலம், கொயில் வண்டியில் 58.5 அங்குலம். ஒவ்வொரு பக்கமும் மூன்றரை அங்குலம் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். அதற்கு மட்கார்ட் வேலை, பின் அச்சையும் மாற்றும் வேலை என்று செலவு வால் போல் நீளும்.

பாரம் ஏற்றுவோர் டொயோட்டாவிடம் ஒரு பாடம் படிக்கலாம். 1999இல் 70 வரிசை லான்ட் குரூசருக்கு முன்பக்கம் கொயில் போட்ட அந்தக் கம்பனி, பின்பக்கம் லீப் ஸ்பிரிங்கையே விட்டு வைத்தது. சாமான் ஏறுவது பின்னால்தானே. ஆகவே பின்பக்கத்தில் கைவைக்க அவசரப்பட வேண்டாம். டீசல் எஞ்சின் மாற்றிய வண்டியானால், அந்த எஞ்சினின் நிறைக்கு ஏற்ற கொயிலைத் தெரிவு செய்ய வேண்டும்.

எங்கள் துறைமுகப் பக்கத்து உப்புக் காற்றில் லீப் தகடுகளுக்கிடையே துரு ஏறி, அவை ஒன்றோடொன்று இறுகி விடுகின்றன. வண்டி கட்டை போல் குதிப்பதற்குப் பாதிக் காரணம் அதுவே. முதலில் ஸ்பிரிங்கைக் கழற்றித் துரு நீக்கி, கிரீஸ் பூசி, தேய்ந்த புஷ்களையும் ஷொக் அப்சோபரையும் மாற்றிப் பாருங்கள். போதாவிட்டால் தகடு குறைந்த ‘பரபொலிக்’ ஸ்பிரிங் இருக்கிறது. செசியை வெட்டாமல் பழைய இடத்திலேயே பூட்டலாம். பிடிக்காவிட்டால் கழற்றி விற்கவும் முடியும், வெட்டிய செசியை ஒட்டி விற்க முடியாது.

அப்படியும் கொயில்தான் வேண்டுமென்றால், கராஜுக்குப் போகுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்துக்கு அனுமதி பற்றி விசாரியுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். விபத்தான பின் “வண்டி மாற்றப்பட்டுள்ளது” என்ற ஒரு வரியே நட்டஈட்டை மறுக்கப் போதும். பஞ்சிகாவத்தையில் பழைய அச்சு வாங்கினால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வெல்டிங் செய்பவர் இதே வேலை செய்த வண்டியொன்றைக் காட்டச் சொல்லி, அதை ஓட்டிப் பார்த்த பிறகே முற்பணம் கொடுங்கள்.

மணலிலும் காட்டுப் பாதையிலும் தினமும் ஆட்களை ஏற்றிப் பிழைப்பவருக்கு இந்தச் செலவு திரும்பி வரும். மாதத்தில் நாலு தடவை சந்தைக்குப் போய்வரும் வண்டிக்கு வராது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது துறைமுகத்துக்கு மட்டும் சொன்னதல்ல. கொட்டேஷனை எடுங்கள், வண்டி மாதம் உழைத்துத் தரும் தொகையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை மாதம் என்ற விடை கையில் வந்தபின் ஸ்பானரை எடுக்கலாம்.